கொட்டகை வாசலில் ஷூக்கள்

"இவ பேசுற இங்கிலீஷ் இவ டீச்சருக்கே புரியாது. ஃபார்ம்காரனுக்கு எங்க புரியப் போகுது?" என்றார் ஆன்ட்டி, வேனின் முன் சீட்டிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆன்ட்டி, அப்பா சமையல் வேலை பார்த்த ஓட்டல் முதலாளியின் மனைவி. நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் அப்பாவுடையது. மேப்பிள் மரத்துப் பாகில் சர்க்கரைப் பொங்கல் செய்தால் ஓட்டலில் கூட்டம் அள்ளும் என்று முதலாளி அங்கிளுக்கு ஒரு யோசனை. பாகைப் பார்த்துச் சொல்ல அப்பா. காய்ச்சுகிறவரிடம் அப்பாவுக்காகப் பேச நான்.

"நானே பேசிக்கிறேனே" என்ற ஆன்ட்டியிடம், "அவ பேசுவாளுங்க" என்று மட்டும் சொன்னார் அப்பா. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கைத் தாண்டியதிலிருந்து வாய்க்குள் இங்கிலீஷ் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன்.

மார்ச் மாதம். பனி இன்னும் கரையவில்லை. சாறு பிடிக்க மேப்பிள் மரங்களில் வாளிகள் தொங்கின. கூரை வழியாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்த மரக் கொட்டகையின் வாசலில், பாகு கொதிக்கும் வாசனை வந்ததும் அப்பா நின்றுவிட்டார். நாமக்கல் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலையில் வளர்ந்தவர் அவர். கொப்பரை அடுப்பில் இருக்கும்போது அங்கே யாரும் செருப்புக் காலோடு நுழைய மாட்டார்களாம். குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும். நானும் கழற்றினேன். அங்கிள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கழற்றினார். ஆன்ட்டி, "என்னங்க இது, கோயிலா?" என்று கேட்டுக்கொண்டே கழற்றினார்.

எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரக் குடும்பம் வாசலில் கிடந்த ஷூக்களைப் பார்த்தது. இந்த இடத்து விதி இதுதான் போலிருக்கிறது என்று அவர்களும் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்து வந்தவர்கள். பாகு காய்ச்சி நுரை எடுத்துக்கொண்டிருந்த பண்ணைக்காரக் கிழவர் நிமிர்ந்தபோது கொட்டகை முழுக்க வெறுங்கால்கள்.

ஏன் இப்படி என்று கேட்டார். எல்லாரும் ஆன்ட்டியைப் பார்த்தார்கள். ஆன்ட்டி, "கல்ச்சர்" என்றார். சிரித்தார். மறுபடியும் "கல்ச்சர்" என்றார். கிழவருக்கு அது போதவில்லை.

"சொல்லு கண்ணு" என்றார் அப்பா.

அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றில்கூட ஷூ இல்லை. என் அப்பா ஊரில் சர்க்கரை கொதிக்கும் இடத்துக்கு மரியாதை உண்டு, அதனால் நாங்கள் கழற்றினோம், மற்றவர்கள் ஏன் கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பின்னாலிருந்து யாரோ சிரிக்க, கொட்டகையே சிரித்தது. ஒரு குடும்பம் ஷூவை மாட்டிக்கொள்ள மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தது. கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. கொதிக்கிற பாகு தெறிக்கும், பூட்ஸைக் கழற்ற முடியாது, இதையாவது கழற்றுகிறேன் என்று தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

அதை நான் தமிழில் சொன்னதும் அப்பா அவரைக் கும்பிட்டார். பிறகு பாகைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "பதமே வரல, அதுக்குள்ள எறக்கறாரு. ஆனா மனுசன் தங்கம்." பின்பாதியை மட்டும் இங்கிலீஷில் சொன்னேன்.

திரும்பும்போது ஆன்ட்டி என் இங்கிலீஷைப் பற்றிப் பேசவில்லை. அப்பா பாதி வழிவரை, சிவந்துபோன பாதங்களை ஹீட்டர் காற்றில் காட்டியபடியே வந்தார்.

அந்த ஓட்டலில் காய்கறி லாரிக்காரனோடு தினமும் இங்கிலீஷில் சண்டை போட்டவர் அப்பா என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "மை வில்லேஜ், நோ ஷூ" என்று சொல்ல அவருக்கு நான் வேண்டியதில்லை. ஆனாலும் சில்லிட்ட சிமெண்ட் தரையில், நான் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் நின்றார். பாவம், அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்றுதான் நான் அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நியூவார்க்கில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்ட அப்பா, "உள்ள என்ன பேசறதுன்னு யோசிச்சு வெச்சிருக்கியா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லப்பா, அவங்க கேக்கட்டும், அப்ப சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.