கவுன்சிலர் பாக்கியம் அக்காதான்

பாக்கியம் அக்கா போய்விட்டார். இன்று விடிகாலை நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போகவில்லை.

அழுகையைவிட எனக்கு எரிச்சல்தான் அதிகமாக வருகிறது. காரணம், தெருமுக்கில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்.

"முன்னாள் கவுன்சிலர் திரு. அந்தோணி அவர்களின் துணைவியார்" என்று போட்டிருந்தது. மாமா படம் பெரிதாக. அக்கா படம் ஓரத்தில், ஸ்டாம்ப் சைஸில்.

அந்தோணி மாமா ஒருநாளும் கவுன்சிலராக இருந்ததில்லை. அவர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். தேர்தலில் நின்றதும் ஜெயித்ததும் அக்கா. எங்கள் ஏரியாவிலிருந்து கவுன்சிலரான முதல் பெண்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில், தோல் ஷாப் என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் கம்பெனிகளுக்கு நடுவில் எங்கள் தெருக்கள். போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு நாள் லாரி வரும், குடிக்க அதுதான்.

குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போவோம். ஆள் இல்லாத குடத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். மில்லுக்குப் போன பெண்கள் திரும்பி வந்தால் குடம் காலியாகக் கிடக்கும்.

அக்கா அதை மாற்றினார். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் குடத்தின் கழுத்தில் ஒரு துணி கட்டிவிட்டுப் போக வேண்டும். அந்தக் குடங்கள் முதலில் நிறையும். பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது அக்கா.

"அவ வேலைக்குப் போயிருக்கா. நீ இங்கனதான நிக்கிற, செத்த நேரம் பொறு!" என்பார். அக்காவைத் திட்டாத ஆளில்லை. ஆனால் துணி கட்டிய வீடுகள் எல்லாம் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டன.

ஜெயித்த பிறகும் ஆபீஸிலிருந்து ஃபோன் மாமாவுக்குத்தான் வரும். "கவுன்சிலர் சார் இருக்காரா?" என்பார்கள். மாமா அப்படியே அக்காவிடம் நீட்டுவார்.

"இந்தா, உன்னையத்தான் சாருங்கிறாய்ங்க."

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அக்காவின் மனுக்களை எல்லாம் டைப் செய்தது நான்தான். முதல் மனுவில் வழக்கம்போல க/பெ என்று போட்டு மாமா பெயரையும் சேர்த்திருந்தேன்.

"ஏ செல்வி, தண்ணி கேக்குறது நானு. அவரு பேரு எதுக்கு? எடு."

"ஃபார்மெட் அப்படித்தான்க்கா."

"ஃபார்மெட்டா போயி இந்த வார்டுல ஓட்டு வாங்குச்சு?"

எடுத்துவிட்டேன். எத்தனையோ மனுக்கள், எத்தனையோ அலைச்சல்... கடைசியில் தெருவுக்குக் குழாய் வந்தது.

இவ்வளவும் தெரிந்தவள் நான். இன்று காலை ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் ஃபிளெக்ஸ் ப்ரூஃப் வந்தது. எல்லாரும் கும்பிடு போட்டிருந்தார்கள். அக்கா முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நானும் "ஓகே" என்று அனுப்பிவிட்டேன்.

படிக்கவில்லை. ஊருக்கே டைப் அடிக்கிற நான்... படிக்கவில்லை.

"கவுன்சிலர் வீட்டில் சாவு" என்று மட்டும் கேள்விப்பட்டு வேடசந்தூரிலிருந்து ஓடிவந்த மாமாவின் தங்கை, ஃபிளெக்ஸைப் பார்த்ததும் அண்ணன்தான் போய்விட்டார் என்று முக்கிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். மாமாவே போய்த்தான் எழுப்பிக் கூட்டிவந்தார்.

அப்படியே என் கடை வாசலில் நின்றார்.

"ஏத்தா, நீயுமா பாக்கல?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புது ஃபிளெக்ஸ் சாயந்தரம்தான் கிடைக்குமாம். அக்காவை மூன்று மணிக்கு அடக்கப் பூசைக்காக மாதா கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். பிளேடை எடுத்துக்கொண்டு போய் இருந்ததை நானே அறுத்து இறக்கினேன். காசு போட்டவர்களுக்குக் கோபம். இருக்கட்டும், என்னிடம் வந்து கேட்கட்டும்.

திரும்பி வந்து, இருக்கிற ஏ4 பேப்பரில் "கவுன்சிலர் பாக்கியம்" என்று மட்டும் பிரிண்ட் எடுத்தேன். மாமா வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"முன்னாள்னு போடாம விட்டியே, அது போதும்."

அவரே கொண்டுபோய் வீட்டு வாசலில் ஒட்டினார்.

வருகிறவர்கள் முக்கில் ஃபிளெக்ஸைத் தேட வேண்டாம். பேப்பர் ஒட்டிய வீடு. மூன்று மணிக்குள் வந்துவிடுங்கள்.

மன்னிச்சிருங்கக்கா.