பழைய கொடியைக் கொடுத்தால்தான் புதியது

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கொடியண்ணன் என்றுதான் பெயர். வேலை என்னவோ கடைநிலை ஊழியர். கோப்பு தூக்குவார், தண்ணீர் வைப்பார். ஆனால் முப்பத்தொரு வருஷமாகக் காலையில் தேசியக் கொடியை ஏற்றி, பொழுது சாய்வதற்குள் இறக்கியவர் அவர்தான். மகளுடைய கல்யாண வரவேற்பிலிருந்துகூட நடுவில் எழுந்து வந்து இறக்கிவிட்டுப் போனார். “சம்பந்தி வீட்டுக்காரங்க முகத்துல எப்படி முழிக்கிறது?” என்று அவர் மனைவி ஒரு வாரம் பேசவில்லை.

ஒரு தடவை கம்பத்துக்கு விளக்கு வந்தது. வெளிச்சம் இருந்தால் கொடி இரவிலும் பறக்கலாம். அந்த விளக்கை மேலாளர் தன் கார் நிற்கும் இடத்தில் மாட்டிக்கொண்டார். கார் இருட்டுக்குப் பயப்படும் போலிருக்கிறது.

போன மாதம் கொடியின் ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. புதுசு கேட்டு அண்ணன் ஸ்டோருக்குப் போனார். அங்கே கிடைத்த பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“பழசைக் கொண்டாங்க, புதுசு தர்றேன். துடைப்பம், பல்பு, எல்லாத்துக்கும் அதான் ரூல்.”

“கொடியும் துடைப்பமும் ஒண்ணா சார்?”

“லிஸ்ட்ல ஒண்ணுதான்.”

ஸ்டோருக்குத் திரும்பிய துணியெல்லாம் வண்டி ஷெட்டுக்குப் போகும். போன தடவை நம்பிக் கொடுத்த கொடியை அண்ணன் அங்கே பார்த்தார். ஜீப் எஞ்சினை அதை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மனுஷன் சாப்பிடவே இல்லை.

அதனால் இந்தத் தடவை கொடுக்கவில்லை. கட்டடத்துக்குப் பின்னால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், கொடியை மடித்து முறைப்படி எரித்து, சாம்பலைப் புதைத்தார். கொடி விதியில் அப்படித்தான் இருக்கிறது. மேலாளருக்கு அது தெரியாது. ஸ்டோர் விதி மட்டும் தலைகீழாகப் பாடம்.

“தொலைச்சுட்டேன்னு எழுதிக் குடுங்க, புதுசு தரச் சொல்றேன்” என்றார் மேலாளர்.

“நான் தொலைக்கலையே சார். மரியாதையா அனுப்பி வச்சேன்.”

“அதுக்கு ஃபாரத்துல எடமில்ல.”

நாலு நாள் கம்பம் வெறுமனே நின்றது. ஐந்தாம் நாள் அண்ணன் என் மேசைக்கு வந்தார். நான் அங்கே டைப்பிஸ்ட்.

“தொலைச்சுட்டேன்னே அடிச்சுக் குடுங்கம்மா. கம்பத்த மொட்டையாப் பாக்க முடியல.”

வேண்டாம் அண்ணே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

புதுக் கொடி வந்தது. கூடவே உத்தரவும் வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். தேசியக் கொடியைப் பேணுவதில் அலட்சியம், பணிப்பதிவேட்டில் பதியப்படுகிறது, இனி இவர் கொடியைத் தொடக் கூடாது. அலட்சியமாம்! எஞ்சினைத் துடைத்தவர்கள் மேல் ஒரு வரி கிடையாது. இவர் மேல் மூன்று வரி, அதுவும் என் கையால். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

அண்ணன் படித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சாயங்காலம் எறக்கறதுக்கு யார்கிட்ட சொல்லியிருக்காங்கம்மா?”

யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தரைக்கு எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நானே போய்க் கயிற்றை அவிழ்த்தேன். அண்ணன் இரண்டடி தள்ளி நின்றார். கொடி கீழே வரவர, பிடிப்பதற்கு அவர் கை இரண்டு தடவை முன்னால் நீண்டு, திரும்பிப் போனது.