வெயிலில்தான் தெரியும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும், சோறு ஆறுவதற்குள் காரை ஒரு தடவை துடைத்துவிடுவது என் கணவரின் பழக்கம். தண்ணீர் பாவிப்பதில்லை. மருதமுனையில் அவருடைய உம்மாவின் குடும்பம் தறி வைத்திருக்கிறது. அங்கு நெய்த பழைய சாரன் ஒன்றை நான்காக மடித்து, பொனட்டில் தொடங்கி வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். கைத்தறியைவிட மிருதுவான துணி உலகத்தில் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. துணி மிருதுவானதுதான். துணிக்கும் பெயின்றுக்கும் நடுவில் கிடக்கும் கடற்கரை மணலைப் பற்றி அவர் யோசித்ததில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வீதம் மூன்று வருடம் தேய்த்தார்.

கார் என்னுடையது. நான் வாங்கி, என் பெயரில் பதிந்து, நானே ஓட்டுவது. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள் என்பதால், கார் நிற்கும் வீட்டு வளவும் என்னுடையது. துடைக்கும் உரிமை மட்டும் எப்படியோ அவரிடம் போய்விட்டது.

நான் ஒலுவிலில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் காலை, கிழக்குப் பார்த்து நிறுத்திவிட்டு இறங்கியபோது பொனட்டில் வெயில் நேராக விழுந்தது. கடும் நீல நிறம். வெயில் விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல்கள், கம்பிச் சுருளால் விளக்கிய சட்டியில் இருப்பதைப் போல. எட்டு மணிக்கு முன் மற்றப் பகுதிகளையும் பார்த்து முடித்தேன். கூரையைத் தவிர எல்லா இடத்திலும் இருந்தது. கூரை அவருக்கு எட்டாது. அன்றிரவு நாட்குறிப்பில் ஒவ்வொரு பகுதியாக எழுதிவைத்தேன்.

இந்த விடயத்தை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். கடதாசித் தாளைவிட மெல்லியது. கீறல்கள் அதில்தான் விழுகின்றன. பொலிஷ் போடுவதென்றால் கீறலை அழிப்பதல்ல, கீறலின் அடிவரைக்கும் சுற்றியுள்ள பூச்சைச் சீவி எடுப்பது. சீவியது திரும்பி வராது. அதனால் ஆகக் குறைந்த வலுவில் தொடங்கி, ஒரு சாண் இடத்தில் பரீட்சித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் கூட்ட வேண்டும். நான் குறிப்பெடுப்பதை எட்டிப் பார்த்த கணவர் கேட்டார்: “என்ன, கார் மினுக்கச் சோதினையா எழுதப் போறாய்?”

சோதனை எழுதாத ஒருவரிடமே அவர் என்னைக் கூட்டிப் போனார். பிரதான வீதிக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு கார் கழுவும் இடம் வைத்திருப்பவர், இவருடைய கூட்டாளி. கட்டாரில் பத்து வருடம் இருந்தவர். எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் கட்டாரில் தொடங்கும். பொலிஷ் இயந்திரத்தில் எந்த வட்டைப் பூட்டுவீர்கள் என்று கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்து, கட்டாரில் ஷேக்குகளின் வண்டிகளுக்குக் கம்பளிதான் என்றார். முதலில் ஒரு சாண் இடத்தில் செய்து காட்ட முடியுமா என்றேன். அதற்கும் என் கணவருக்கே பதில் கிடைத்தது: பயப்பட வேண்டாம், ராத்தாவுக்குச் சொல்லுங்க. ராத்தா, அதாவது அக்கா முறையான நான், அவருக்கு மூன்று அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

காரைச் சரியாகக் கழுவவுமில்லை. ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். தோசைக் கல்லில் மா ஊற்றுவதைப் போலப் பொனட்டில் கொம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையை வளைத்து ஊற்றி, வட்டுகளில் ஆகக் கரடான கம்பளியைப் பூட்டிய இயந்திரத்தை முழு வேகத்தில் விட்டார். பசை அவருடைய சேர்ட்டிலும் முன்கண்ணாடியிலும் தெறித்தது. பொனட்டின் விளிம்பில் இயந்திரத்தைச் சரித்து ஒரே இடத்தில் பிடித்தார். விளிம்பில்தான் பூச்சு ஆக மெல்லியது. நான் சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை, அல்லது கேட்டது.

கால் மணித்தியாலத்தில் பொனட் முடிந்தது. இரண்டு ஆண்களும் தகரக் கூரையின் நிழலில், குழல் விளக்கின் கீழே, குனிந்து தங்கள் முகத்தைப் பொனட்டில் பார்த்தார்கள். கணவர் தாடியைக்கூடத் தடவிக்கொண்டார்.

நான் காரில் ஏறி, முப்பது அடி முன்னால் எடுத்து வெயிலில் நிறுத்தினேன். பழைய வட்டங்கள் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேலே, இயந்திரம் போன பாதையெல்லாம், தண்ணீரில் மீன் எண்ணெய் படர்ந்ததைப் போல வெள்ளை வெள்ளையாய் நெளிந்தது.

“இதென்ன?” என்றேன்.

கூட்டாளி முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “அது வெயில்ட கொறை ராத்தா. இஞ்சத்த வெயில் அப்பிடித்தான்.”

கணவர் தலையாட்டினார். படித்த மனிதர், பட்டதாரி, வெயிலின் குறை என்றதற்குத் தலையாட்டினார். ஆத்திரம் கூட வரவில்லை எனக்கு. இருவரையும் தராசில் வைத்து நிறுத்தால் முள் அசையுமா என்று யோசித்தேன்.

பிறகு கூட்டாளி இன்னொரு போத்தலை எடுத்தார். முதலாவதைவிடக் கரடு. இதைப் போட்டு ஒரு இழுவை இழுத்தால் எல்லாம் போய்விடும் என்றார். எல்லாம் போய்விடும் என்பது உண்மைதான், கிளியர் கோட்டும் சேர்த்து. பொனட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்க அங்கே யாரிடமும் கருவி இல்லை. இன்னும் ஒரு இழுவையைத் தாங்குமா என்பதும் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

“ஒருக்கா போடட்டுமே, அவருக்குத் தெரியாததா?” என்றார் கணவர்.

கார் மறுபடி நிழலுக்குப் போனது. இயந்திரம் உறுமியது. வட்டு பொனட்டைத் தொடுவதற்கு முன் நான் சுவரருகே போய்ப் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். உறுமல் மெதுவாக அடங்கியது.

“ராத்தா, என்ன செய்றீங்க?”

“மிருதுவான ஸ்பொஞ்சு வட்டு இரிக்கா?”

இருந்தது. இயந்திரத்தோடு பெட்டிக்குள் வந்தது, உறை கூடக் கிழிக்கவில்லை. மிக நைஸான பொலிஷ் ஒன்றும் அலுமாரியில் தூசி படிந்து கிடந்தது. காரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் செய்தேன். பொனட்டின் நடுவில் ஒரு சாண் சதுரத்துக்கு டேப் ஒட்டினேன். நாலு சொட்டு, குறைந்த வேகம், அழுத்தாத கை, ஒரு தடவை குறுக்கே, ஒரு தடவை நெடுக்கே. பிளக் என் கையில் இருந்ததால் ஒவ்வொன்றையும் சொன்ன பிறகுதான் செருகினேன். அவர் செய்தார். துடைத்து, வெயிலுக்கு எடுத்தோம்.

அந்த ஒரு சாண் சதுரத்துக்குள் கீறல் இல்லை. நெளிவும் இல்லை. வெயில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. டேப்புக்கு வெளியே பழைய கதைதான்.

கூட்டாளி குனிந்து அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்ப முழுக் காருக்கும் இப்பிடியா?”

“ஓம். முழுக் காருக்கும்.”

“ரெண்டு நாள் போகுமே.”

“போகட்டும்.”

இரண்டு நாள் போனது. லீவு எடுத்துக்கொண்டு, நெகிழிக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து, ஒவ்வொரு பகுதியாக வெயிலில் பார்த்து ஏற்றுக்கொண்டேன். ஒரு கதவைத் திருப்பிச் செய்வித்தேன். இரண்டாம் நாள் பிற்பகல் வேறொரு வாடிக்கையாளர் வந்து காரைப் பார்த்து வியந்தார். “நாங்க கட்டாருல இப்பிடித்தான் செய்ற, முதல்ல ஒரு சாண் போட்டுப் பாத்துத்தான்,” என்று கூட்டாளி அவருக்கு விளக்கினார். என் பக்கம் திரும்பக் கூட இல்லை. நான் திருத்தவில்லை. அவருடைய வாயிலிருந்து சரியான செய்முறை ஒன்று வெளிவந்ததே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார் தப்பிவிட்டது, ஓர் இடத்தைத் தவிர. பொனட்டின் இடது விளிம்பில், முதல் நாள் அவர் கம்பளியைச் சரித்துப் பிடித்த இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பூச்சு போய், நிறம் செத்து மங்கலாகக் கிடந்தது. அதற்கு இனிப் பொலிஷ் இல்லை.

அடுத்த வாரம் என் தங்கச்சி வீட்டுக்காரர் வந்தார். கணவர் காரை வெயிலில் நிறுத்திச் சுற்றிக் காட்டினார். கீறல் எங்கே பார், கண்டுபிடி பார்ப்போம் என்றார். வந்தவர் கெட்டிக்காரர், நேராக இடது விளிம்பில் விரலை வைத்தார்.

“அது காகம்,” என்றார் கணவர். “எச்சம் விழுந்து எரிச்சிட்டு.”

நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். “காகமில்ல. ஒங்கட கூட்டாளி,” என்றேன். “நீங்களும் பக்கத்துல நிண்ட.”

தங்கச்சி வீட்டுக்காரர் கோப்பையை எடுத்துக்கொண்டு மதிலைப் பார்த்தார். கணவர் சீனி போதாது என்றார். சீனி இரண்டு கரண்டி, எப்போதும் போடும் அளவுதான். உள்ளே போய்ச் சீனிப் போத்தலையே எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.