திண்டிவனத்தில் நிறுத்தாத வேன்

அருள்சாமியின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தபோது மணி பன்னிரண்டே முக்கால். உள்ளே ஆறு இட்லி, மேலே எண்ணெய் குழைத்த பொடி. ஒன்றுகூடக் குறையவில்லை. ஐஸ் பாக்ஸில் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே இன்சுலின் பேனா கிடந்தது. அருள்சாமி அந்தப் பேனாவை வயிற்றில் வைத்து அழுத்தியதைக் காலை ஏழரை மணிக்கு வேன் கண்ணாடியில் பார்த்தவன் நான்.

ஊசி உள்ளே போய் ஐந்தேகால் மணி நேரம் ஆகிறது. இட்லி என் கையில் இருக்கிறது. அருள்சாமி ரேஸ் டிராக்கின் மதிலுக்கு அந்தப் பக்கம், அவ்வளவு ஜனத்துக்குள் எங்கேயோ இருக்கிறான்.

என் வீட்டுக்காரிக்கும் ஊசிதான். "சர்க்கரை ஏறினா தவணை முறையில ஆளைத் தின்னும், எறங்கினா ஒரே வாயில முழுங்கிடும்" என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா அவளிடம் சொன்னது எனக்குப் பாடம். அந்த மத்தியானம் அது வரி பிசகாமல் ஞாபகத்துக்கு வந்தது.

புதிதாக டூரிஸ்ட் வண்டி எடுக்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். இன்ஜின் போனால் மெக்கானிக் வருவான். இது வேறு மாதிரியான பிரேக்டவுன்.

வண்டியில் யார் யார்

முதலில் பத்து வருஷம் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டினேன். பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கிக் கடலூரில் போட்டேன். கல்யாணம், கோயில், மாதா கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவேன். வருஷத்துக்கு ஒரு டிரிப் மட்டும் தனி ரகம். சிதம்பரம் பையன்கள் சென்னைப் பக்கம் நடக்கிற கார் ரேஸுக்குப் போவார்கள்.

அது முடிந்தவரை விரட்டிவிட்டு ஐந்து நிமிஷத்தில் முடிகிற ரேஸ் இல்லை. ஆறு மணி நேரம் வண்டி நிற்காமல் ஓட வேண்டும். ஒரு காருக்கு மூன்று டிரைவர். ஒருத்தனே இவ்வளவு நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டமே உண்டாம். அதைக் கேட்டு, "அந்தச் சட்டம் எழுதின புண்ணியவான் எங்க யூனியனுக்கு வருவாரான்னு கேளுங்கடா" என்றேன். வேனே சிரித்தது.

கூட்டத்துக்குத் தலைவன் சரவணன். சிதம்பரத்தில் பைக் மெக்கானிக். அவனோடு அவன் வயதுப் பையன்கள் பதினோரு பேர். எல்லாரும் என்னை மாமா என்பார்கள். பதின்மூன்றாவது ஆள் கடலூரில் ஏறுகிற அருள்சாமி. என் வயது. நான் ஷிப்ட் பஸ் ஓட்டிய அதே கம்பெனியில் ஆபரேட்டர். எனக்கு மச்சான் முறை வைத்துக் கூப்பிடுகிற சிநேகம். அவன் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆனால் ரேஸ் என்றால் பையன்களுக்கு முன்னால் ஏறி உட்காருவான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். அவர்களுக்குப் பிடித்த கார் எத்தனை சுற்று வந்தது என்று நோட்டில் கோடு போட்டு எழுதுவார்கள். போனில் பார்க்கக் கூடாதா என்று நானும் கேட்டேன். "ஜனம் கூடிட்டா டவர் படுத்துக்கும் மாமா. நோட்டு படுக்காது" என்றான் சரவணன். மணிக்கு ஒருவராக மாறி மாறி எழுதுவார்கள். கார் டிரைவர் மாறுகிற மாதிரி இவர்களும் மாறுவார்கள்.

ஏழே முக்கால் மணி

வழக்கமாகத் திண்டிவனம் தாண்டினதும் ஒரு டிபன் கடையில் நிறுத்துவேன். அருள்சாமிக்கு அது தெரியும். அதை நம்பித்தான் கடைக்குக் கால் மணி நேரம் முன்னால் ஊசி போட்டுக்கொண்டான்.

அவன் சட்டையை இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்தில் சரவணன் போனைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"மாமா! ஒம்போதரை வரைக்கும்தான் பிட்டுக்குள்ள, காரு நிக்கற எடத்துக்குள்ள விடுவாங்களாம். காரைத் தொட்டுப் பாக்கலாம், டிரைவர்கூட போட்டோ எடுக்கலாம். நிக்காதீங்க, நேரா வுடுங்க!"

"டிபன்டா?"

"உள்ள கேன்டீன் இருக்கு மாமா. ஒரு நாளு பட்டினி கெடந்தா செத்தா போயிடுவோம்?"

அவசரத்துக்கு அண்டாவுக்குள்கூட கை நுழையாது என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கண்ணாடியில் அருள்சாமியைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பையில் எதாவது வைத்திருப்பான் என்று நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கடை இடது பக்கமாகப் பின்னால் போனது.

இறங்குகிற இடத்தில் இன்னொரு கூத்து. வெளிச் சாப்பாடு உள்ளே கிடையாது, பையைச் சோதிப்பார்கள், எல்லாவற்றையும் வேனிலேயே வையுங்கள் என்றான் சரவணன். பையன்கள் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கி ஓடினார்கள். அருள்சாமியும் இரண்டு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினான். நான் பார்க்கிங்கில் வண்டியைப் போட்டுவிட்டுச் சீட்டைச் சாய்த்துத் தூங்கினேன். தூங்கினவன் தாகம் எடுத்து எழுந்து ஐஸ் பாக்ஸைத் திறந்தபோதுதான் பேனா கண்ணில் பட்டது. அவன் பையைத் தூக்கினேன். டிபன் பாக்ஸ் கனத்தது.

சாவி

அவனுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. சரவணனுக்குப் போட்டேன். எடுத்தான். ஆனால் காதில் விழுந்தது கார் சத்தம் மட்டும்தான். "அருளு எங்கடா?" என்று கத்தினேன். "சூப்பரா போவுது மாமா, மூணாவது எடம்!" என்று அவன் கத்திவிட்டு வைத்துவிட்டான்.

பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. அதையும் டிபன் பாக்ஸையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். டிக்கெட் இல்லை. கேட்டில் என் மகன் வயதில் ஒரு செக்யூரிட்டி.

"கைல டிக்கெட் பட்டை கட்டாம வுட மாட்டோம்ணே. டப்பாவுல இன்னா?"

"இட்லி."

"வெளி சாப்பாடு நாட் அலவ்டு."

"தம்பி, இது சாப்பாடு இல்ல, மருந்து. உள்ள ஒரு சுகர் பேஷண்ட் ஊசி போட்டுட்டு காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னாம இருக்கான்."

"எந்த ஸ்டாண்டு?"

"தெரியல."

"டோக்கன் நம்பரு?"

"தெரியலப்பா!"

"இப்புடி சொல்லிக்கினு காலையிலேர்ந்து அஞ்சு பேரு வந்துட்டாங்கண்ணே. ஒருத்தரு அவுங்க ஆயாவுக்கு ஆக்ஸிஜன்னாரு."

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வேலை அது. நான் லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பிறகு வேன் சாவியையும் எடுத்து அதன்மேல் வைத்தேன். இத்தனை வருஷத்தில் வொர்க்ஷாப் ஆளைத் தவிர வேறு கையில் அந்தச் சாவியைக் கொடுத்ததில்லை.

"வேன் வெளிய நிக்குது. நான் ரேஸ் பாக்கத்தான் போறேன்னு உனக்குத் தோணிச்சுன்னா, வண்டியை எடுத்துக்க."

அவன் சாவியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். டிபன் பாக்ஸை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, "தண்ணியும் பவுடரும் எடுத்துக்கினு ஓடு. ஆளு கெடைச்ச ஒடனே அங்க நிக்கற பச்சை ஜாக்கெட் யாருகிட்டயாவது சொல்லு, டாக்டர் வருவாரு" என்றான்.

ரிலீவர்

உள்ளே போனதும் சத்தம் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. சேத்தியாத்தோப்பு மேளம், தேர்த் திருவிழா வெடி எல்லாம் கேட்ட காதுதான். இது காதால் கேட்கிற சத்தமில்லை, பல்லால் கேட்கிற சத்தம். வெயில் தகரக் கூரையைச் சுட்டது. கொடியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஜனம். எல்லாத் தலையிலும் தொப்பி. இதில் ஒருத்தனை எங்கே தேடுவது?

முதலில் கண்ணில் பட்டவன் சரவணன். ஜூஸ் கடை வரிசையில் நின்றான்.

"அருளு எங்கடா?"

"பிட்டுக்கு எதிர் ஸ்டாண்டுல, மேல் வரிசையில நோட்டு எழுதறாரு மாமா. பன்னெண்டு மணிக்கு நான்தான் மாத்தணும். இந்த லைன் நவுரவே மாட்டேங்குது, பத்து நிமிஷத்துல..."

"மணி ஒண்ணுடா!"

என் முகத்தைப் பார்த்து அவனுக்கு என்னவோ புரிந்துவிட்டது. "அங்க பச்சை ஜாக்கெட்ட கூட்டிக்கினு மேல வா. சுகர் எறங்கிடுச்சுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படி ஏறினேன்.

மேல் வரிசையில் அருள்சாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மழையில் நனைந்தவன் மாதிரி சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. முகம் வெளுத்து, உதடு நடுங்கியது. மடியில் நோட்டு. ஆரம்பப் பக்கங்களில் கோடு எறும்பு வரிசை போல நேராக இருந்தது. கடைசிப் பக்கத்தில் கோடெல்லாம் சரிந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, தாளை விட்டு வெளியேறி அவன் பேண்ட் மேல் போயிருந்தது. பேண்ட்மேலும் எழுதிக்கொண்டுதான் இருந்தான்.

"மச்சான்!"

"யோவ், மறைக்காத."

என்னைத் தெரியவில்லை. பாட்டிலில் குளுக்கோஸைக் கொட்டிக் குலுக்கி வாயருகே கொண்டுபோனேன். கையால் தட்டிவிட்டான். பாதி கீழே சிந்தியது. பாக்கெட்டில் மிச்சம் இரண்டு ஸ்பூன்தான் இருக்கும். பிடித்து ஊற்றலாமா என்று நினைத்தேன். புரைக்கேறினால் அது வேறு ஆபத்து.

"எழுந்திரு அருளு, போலாம்."

"ரிலீவர் வரல" என்றான். நாக்கு குழறியது. "ரிலீவர் வராம சீட்ட வுடக் கூடாது."

கெமிக்கல் கம்பெனியில் அது சட்டம். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பு வாங்காமல் ஆபரேட்டர் நாற்காலியை விட்டு எழக் கூடாது. எழுந்தால் கொதிகலனுக்கு யார் பதில் சொல்வது? "ஆளு மாறலாம், சீட்டு காலியாவக் கூடாது" என்பார்கள். எத்தனையோ நாள் ரிலீவர் வராத ஆளுக்காக பஸ்ஸைக் கேட்டில் நிறுத்தி ஹாரன் அடித்தவன் நான். மற்றதெல்லாம் மறந்துபோன அந்த மூளையில் அந்தச் சட்டம் மட்டும் உட்கார்ந்திருந்தது.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். "நான்தான் ரிலீவர். சார்ஜ் குடு" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். கண் என்மேல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. "லேட்டு" என்றான்.

"பஸ் லேட்டு. சொல்லு, என்னா ஓடுது?"

"எண்பத்தேழு..." என்றான். மூச்சு வாங்கினான். "ரெண்டாவது டிரைவர் ஓட்டறான். டயர் மாத்தியாச்சு."

"எண்பத்தேழு. ரெண்டாவது டிரைவர். டயர் மாத்தியாச்சு. சார்ஜ் எடுத்துக்கினேன்."

அதற்குப் பிறகுதான் பென்சிலை விட்டான். விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பாட்டிலை வாயில் வைத்தேன். இந்தத் தடவை தட்டவில்லை. ஒரு வாய் விழுங்கினான். தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வாய். பாட்டில் காலியாவதற்குள் பச்சை ஜாக்கெட்டுகள் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்தார்கள். பின்னால் சரவணன், அழுகிற முகத்தோடு.

தூக்கிக்கொண்டு போகும்போது அருள்சாமி தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தான். அவசரமாக ஒரு கோடு போட்டேன். எந்தக் கார் வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சரவணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "குடுங்க மாமா" என்று நோட்டை வாங்கினான். கடைசிக் கொடி விழும்வரை அவன் எழுந்திருக்கவில்லை என்று பிறகு பையன்கள் சொன்னார்கள்.

அவன் ஏன் சொல்லவில்லை

மெடிக்கல் ரூமில் டிரிப்ஸ் ஏறி, அரை மணியில் அருள்சாமிக்குப் பேச்சு தெளிந்தது. டாக்டரம்மா சின்ன வயது. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் இவர்கிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். யாரு இவரைச் சாப்பிடாம விட்டது?" என்றார். "நான்தாம்மா, டிரைவர்" என்றேன்.

அந்த நேரத்தில் கேட்டில் இருந்த செக்யூரிட்டி தம்பி எட்டிப் பார்த்தான். ஒரு கையில் என் சாவியும் லைசென்ஸும், இன்னொரு கையில் டிபன் பாக்ஸ். "இந்தாண்ணே, உன் மருந்து" என்று வைத்துவிட்டுப் போனான். டாக்டரம்மா தலையாட்டினார். அருள்சாமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முதல் இட்லியைப் பிட்டான்.

டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் கேட்டேன். "நான் கண்ணாடியில பாத்தனே. நிறுத்து மச்சான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே?"

வாயில் இருந்ததை மென்று முடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எனக்காக வண்டி நின்னிருந்தா, அந்தப் பசங்க காரைத் தொட்டிருக்க முடியாது. சுகர் பார்ட்டியால போச்சுன்னு ஆயிருக்கும். அவனுங்க பட்டினி கெடக்கறப்போ வண்டியில நான் மட்டும் டப்பாவத் தெறந்தாலும் அப்பிடித்தான் பாப்பானுங்க. வாய் தெறந்து சொல்ல மாட்டானுங்க. அடுத்த வருஷம் டிக்கெட் எடுக்கறப்போ எம்பேரு மட்டும் வுட்டுப்போயிருக்கும். அது ஒண்ணுதான்யா வருஷத்துக்கு எனக்குன்னு இருக்கு."

ஊசி போட்டவன் பசியை மறைத்தது பயத்தால் இல்லை. கூட்டத்தில் தன் இடம் போய்விடக் கூடாது என்பதற்காக.

தம்பிகளே, நான் படித்த பாடம் இவ்வளவுதான். வண்டியில் நிறுத்தச் சொல்கிறவனுக்காக எந்த டிரைவரும் நிறுத்துவான். நிறுத்தச் சொல்லக் கூச்சப்படுகிற ஒருத்தர் ஒவ்வொரு டிரிப்பிலும் இருப்பார். சர்க்கரைக்காரர், கர்ப்பஸ்திரீ, அடிக்கடி ஒதுங்க வேண்டிய பெரியவர். அவர் பெயரைச் சொல்லி நிறுத்தினால் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும். நிறுத்தாமல் போனால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அடுத்த வருஷமும் அதே பதின்மூன்று பேர் ஏறினார்கள், கூட ஒரு புதுப் பையனும். அருள்சாமி கடலூரில் ஏறினான். திண்டிவனம் தாண்டினதும் இண்டிகேட்டர் போட்டு டிபன் கடையில் ஒதுக்கினேன். பின்னால் அந்தப் புதுப் பையன் அலறினான்.

"எதுக்கு மாமா நிக்கறீங்க? கேட்டு தெறந்துடுவாங்க!"

வீட்டில் நான்கு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி எடுத்திருந்தேன். சாவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"டிரைவருக்குப் பசிக்குது. எல்லாரும் எறங்கு."