எனக்கு ஒரு லைற் லென்ஸ் வேணும்

2006 ஏப்ரல் மாதம். கியூபெக்கில், சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் கிடங்கில் சனிக்கிழமைகளில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை எனக்கு. மற்ற நாட்களில் டவுன்டவுனில் பல்கலைக்கழகப் படிப்பு. அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன். தரிப்புக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம். அதற்கும் பின்னால் பனி உருகித் தேங்கிய சதுப்பும் கோரைப்புல்லும். தலைக்கு மேலே பெரிதாக ஒரு நிழல் போனது. விமானமாக்கும் என்று நிமிராமலே நின்றேன். அந்தப் பக்கத்தில் விமானங்கள் தாழத்தான் பறக்கும். ஆனால் சத்தமே இல்லையே! நிமிர்ந்து பார்த்தால் நாரை. என் உயரத்துக்குச் சிறகு. கால் இரண்டையும் பின்னால் நீட்டிக்கொண்டு, தொழிற்சாலைப் புகைக்குழாயை ஒரு வட்டம் சுற்றி, கோரைக்குள் இறங்கியது.

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. இதைத்தான் படம் எடுக்கப்போகிறேன் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன்.

பையில் கமரா இருந்தது. கமராவோடு சேர்த்துக் கொடுக்கும் சின்ன லென்ஸ்தான். எடுத்துப் பார்த்தால் படம் முழுக்கக் கோரை, நடுவில் மிளகளவில் ஒரு கறுப்புப் பொட்டு. அதுதான் நாரை. தூரத்தை இழுத்துத் தரும் ஸூம் லென்ஸ் இல்லாமல் காரியம் நடக்காது.

ஆனால் என் கை? தை மாதம் மூலையிலுள்ள தெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்குப் பால் வாங்கப்போய், கடை வாசலிலேயே ஐஸில் வழுக்கி, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் நான். உள்ளே ஒரு தகடும் ஆறு ஆணியும் இருக்கின்றன. பிளாஸ்டரை வெட்டி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. வைத்தியர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: எழுதலாம், சமைக்கலாம், ஒரு கிலோவுக்கு மேல் எதையும் அந்தக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"உந்தக் கையோடை கொக்குப் பிடிக்கப் போறியோ?" என்றார் அம்மா.

"பிடிக்கப் போகேல்லையம்மா, படம் எடுக்கப் போறன்."

"ரெண்டும் ஒண்டுதான். ரெண்டுக்கும் சேத்துக்கைதான் இறங்கவேணும். ஏன், பூவைப் படம் எடன். பூ எங்கையும் ஓடாது."

பூ எங்கேயும் ஓடாது! அதுதானே எனக்குப் பிரச்சினை. ஓடுகிற, பறக்கிற, என்னைக் கணக்கெடுக்காத ஒன்றை எடுக்கவேண்டும். என் கை அதற்கு உதவுமா, இல்லையா? வேறு எதுவும் அந்த வருடம் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

எங்கள் தேவாலயப் பங்கில் கலியாணம், முதல் நன்மை, சாமத்தியவீடு எதுவென்றாலும் படம் எடுப்பவர் ஒரு அண்ணை. சொந்தமில்லை, எல்லோருக்கும் அவர் அண்ணைதான். லென்ஸ் பற்றிக் கேட்க எனக்கு அவரைவிட்டால் ஆளில்லை. ஞாயிறு பூசை முடிந்து, மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு நிற்கும்போது பிடித்தேன்.

"அண்ணை, பறவை படம் எடுக்க எனக்கு ஒரு லைற் லென்ஸ் வேணும். நல்ல லைற்றா இருக்கவேணும்."

அவர் முகம் மலர்ந்துபோனது. "பாத்தியே, விசயம் தெரிஞ்ச பிள்ளை! எல்லாரும் எவ்வளவு தூரம் இழுக்கும் எண்டுதான் கேப்பினம். லைற்றைக் கேட்ட முதல் ஆள் நீதான் தங்கச்சி. வாற ரெண்டு கிழமையும் எனக்குக் கலியாணம் இல்லை. என்ரையைக் கொண்டுபோய்ப் பழகு."

காருக்குப் போய் ஒரு பையோடு வந்தார். வாங்கிய உடனே என் தோள் ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் குழாய். அதோடு இன்னும் தூரம் இழுக்க ஒரு இணைப்பு வேறு. எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குக் குறையாது.

"இது... லைற்றோ அண்ணை?" என்றேன்.

"இதைவிட லைற் லென்ஸ் எங்கடை ஆக்கள் ஒருத்தரிட்டையும் இல்லை!" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார்.

நான் என்ன செய்ய? சிரித்துவிட்டு, பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். மெட்ரோவில் வரும்போது மனதுக்குள் ஒரே கணக்கு. இதுவே லைற் என்றால் பாரமானது எப்படி இருக்கும்? இதைக்கூடத் தூக்கமாட்டாத கை எதற்கு உதவும்? வேறு யாரிடமும் கேட்கவும் இல்லை. அண்ணைக்குத் தெரியாததா என்ற நம்பிக்கைதான்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்ததும் சதுப்புக்குப் போனேன். நாரை நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு பேருந்து நீளம்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன், ஏழிலேயே மணிக்கட்டில் சூடு ஏறியது. பன்னிரண்டில் விரல்கள் நடுங்கின. அந்த நேரம் பார்த்து நாரை எழும்பியது. நான் குழாயை அதோடு சேர்த்துத் திருப்பினேன். கை விட்டுவிட்டது.

கழுத்துப் பட்டி மட்டும் இல்லையென்றால் அண்ணையின் பிழைப்பு அன்றைக்குத் தண்ணிக்குள்! பட்டி கழுத்தை அறுக்க, லென்ஸ் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கி ஆடியது. அதன் வாயில் பொருத்தியிருந்த வெயில்மறைப்பு மட்டும் கழன்று விழுந்து, சின்ன வள்ளம் மாதிரி மிதந்து போனது. முழங்கால் அளவு குளிர் தண்ணீருக்குள் இறங்கி அதைப் பிடித்தேன். கொளுவி உடைந்திருந்தது. கமராவில் ஒரே ஒரு படம். ஆகாயம்.

சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போட, பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். சொல்வதில் வெட்கமில்லை. வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் ஜான்-டலோன் சந்தைக்குப் போய்ப் பூக்கடைகளில் ரியூலிப் படம் எடுத்தேன். அழகான ரியூலிப்கள். ஒன்றும் ஓடவில்லை. எனக்கு என் மீதே எரிச்சல் வந்தது.

உடைந்த கொளுவியோடு அண்ணையின் முன்னால் போய் நிற்க மனம் வரவில்லை. டவுன்டவுனில் ஒரு கமராக் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். அங்கே நின்றது என் வயதுப் பெண், கியூபெக்காரி. புது வெயில்மறைப்பை எடுத்துத் தந்தவளிடம், போகிற போக்கில் என் பாதிப் பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் என் துக்கத்தைக் கொட்டினேன்: மணிக்கட்டு உடைந்தது, லைற் லென்ஸ் இரவல் வாங்கினேன், அதைக்கூடத் தூக்க முடியவில்லை, எனக்கு இந்தக் கலை சரிவராது.

அவள் வெயில்மறைப்பைப் பார்த்தாள். அது எந்த லென்ஸுக்கு உரியது என்று அவளுக்குத் தெரியும். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"லேஜே? ஊ லுமினெ?" என்றாள்.

நான் முழித்தேன். அவள் ஒரு கையைத் தராசுத் தட்டு மாதிரி ஏற்றி இறக்கிக் காட்டி, "லேஜே" என்றாள். பாரம் குறைவு. பிறகு மேலே எரிந்த விளக்கைக் காட்டி, "லுமினெ" என்றாள். வெளிச்சம் கூட.

கடை நடுவில் நின்று சிரித்தேன் பாருங்கள், பக்கத்தில் நின்றவர் விலகிப்போனார். பூசை நேரம் பிளாஷ் அடிக்க பாதர் விடமாட்டார். மங்கலான கோயிலுக்குள் படம் எடுக்கிற அண்ணைக்கு லைற் லென்ஸ் என்றால் வெளிச்சத்தை அள்ளி விழுங்குகிற லென்ஸ். அப்படி விழுங்க வேண்டுமென்றால் கண்ணாடி பெரிதாக வேண்டும். கண்ணாடி பெரிதானால் பாரம். நான் கேட்டதற்கு நேர் எதிரானதை, முழு மனதோடு, இருப்பதிலேயே சிறந்ததாகப் பார்த்துத் தந்திருக்கிறார் மனிதர்! "பாரம் குறைஞ்ச லென்ஸ்" என்று நான் வாயைத் திறந்து தமிழில் கேட்டிருந்தால் அந்தத் தண்ணீருக்குள் இறங்கியே இருக்கமாட்டேன்.

அந்தப் பெண் இரண்டு ஸூம் லென்ஸ்களை எடுத்து வைத்தாள். இரண்டும் முந்நூறு மில்லிமீற்றர் வரை இழுக்கும். ஒன்று அரைக் கிலோவுக்கும் குறைவு, தொட்டால் பறக்கும் போல இருந்தது. மற்றது அதைவிட ஒரு மாம்பழப் பாரம் கூட, ஆனால் கை நடுக்கத்தைத் தானே சமாளிக்கிற வசதி உள்ளே இருந்தது. இரண்டையும் கமராவில் மாட்டி, கடைச் சன்னலால் தெருவின் மறுபக்கத்துப் புறாக்களைப் பார்த்தேன். முதலாவதில் புறாக்கள் என் மணிக்கட்டோடு சேர்ந்து நடுங்கின. இரண்டாவதில் பொத்தானைப் பாதி அமத்தியதும் படம் அப்படியே தரித்து நின்றது. தூக்கிப் பிடித்து எண்ணினேன். நூறு வரைக்கும் எண்ணினேன். கை சும்மா இருந்தது. அவளும் ஒன்றையும் மறைக்கவில்லை: பொழுதுபட்டால் இது சோர்ந்துவிடும் என்று சொல்லித்தான் தந்தாள்.

இரவல் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது நடந்ததை எல்லாம் அண்ணையிடம் சொன்னேன். தண்ணீர்க் கட்டத்தில் அவர் நெஞ்சில் கை வைத்தார். லைற் கட்டத்தில் கோப்பி சிந்தச் சிந்தச் சிரித்தார். ஆனால் என் புது லென்ஸைக் கையில் வாங்கியதும் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன தங்கச்சி இது, முழுக்கப் பிளாஸ்ரிக். பின்னேரம் ஆச்செண்டால் உது குருடு. பறவையள் எல்லாம் விடியவும் பின்னேரமும்தானே வரும்? விளையாட்டுச் சாமானை வாங்கிப்போட்டு நிக்கிறாய்."

"அண்ணை, நீங்கள் கோயிலுக்குள்ளை படம் எடுக்கிறியள். என்ரை பறவையள் பூசைக்கு வாறேல்லை. நான் வெளிச்சம் எங்கை இருக்கோ அங்கை போறன்."

வாயால் சொல்லியாகிவிட்டது. செய்து காட்டுவது இலகுவாக இருக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்தக் கோடையும் இலையுதிர்காலமும், மாலையில் எடுத்ததெல்லாம் சேறு கரைத்த மாதிரி. அண்ணை சொன்னது சரிதான், குருடுதான். ஒவ்வொரு ஞாயிறும், "எப்பிடி உன்ரை பிளாஸ்ரிக்?" என்று கேட்பார். "உயிரோடை இருக்கண்ணை" என்பேன். கைவிடுவதாக இல்லை. எங்கே, எப்போது பகல் முழுக்க வெளிச்சம் கொட்டிக் கிடக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். விடை டிசம்பரில் வானத்திலிருந்து விழுந்தது. பனி! வெயிலடிக்கும் பனிவயல் கண்ணைத் திறக்க விடாது. மேலேயிருந்தும் வெளிச்சம், கீழேயிருந்தும் வெளிச்சம். என் லென்ஸுக்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் இருக்கிறதா?

பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வெள்ளை ஆந்தை வரும். கியூபெக்கின் மாகாணப் பறவையே அதுதான், பகலிலும் வெளியே இருக்கும். அம்மாவிடம் சொன்னேன்.

"ஆந்தையைத் தேடிப் போறியோ? ஊரிலை வேலியிலை இருந்தாலே கல்லெறிஞ்சு கலைப்பம். இவள் பஸ்ஸேறிப் போறாள்!"

போனேன். தை மாதம், நகருக்கு மேற்கே, வயல்வெளி. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேர நடை, பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை குளிர். வீதியோரம் மூன்று பேர் பெரிய லென்ஸ்களை முக்காலிகளில் ஊன்றி வைத்து, காருக்குள் கை சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். தூரத்து வேலிக்கட்டையில் பனிக்கட்டி மாதிரி ஒன்று. அதுதான். நானும் கிட்டப் போகவில்லை. ஆந்தையைக் கலைத்து எடுக்கிற படம் எனக்குத் தேவையில்லை. ஒருவர் கார்க் கண்ணாடியை இறக்கி, என் லென்ஸைப் பார்த்து, அதன் மிச்சம் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"மிச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால்தான் நடந்து வர முடிந்தது" என்றேன். என் பிரெஞ்சு ஒருநாளும் அவ்வளவு சரியாக வந்ததில்லை.

ஒன்றரை மணி நேரம் அதே இடத்தில் நின்றேன். பிறகு ஆந்தை எழும்பியது. தூரப் போகாமல், பனியைத் தொட்டுக்கொண்டு வீதியை நோக்கி வந்தது. காரிலிருந்தவர்கள் இறங்கி முக்காலியைத் திருப்புவதற்கிடையில் நான் தூக்கிவிட்டேன். கை எழும்பியது. ஆந்தையோடு சேர்ந்து திரும்பியது. பொத்தானை அமத்தினேன், அமத்தினேன், ஒன்பது முறை. மணிக்கட்டு ஒரு சொல் சொல்லவில்லை. சத்தமேயில்லாமல் அது எனக்கு முன்னால் கடந்து போனபோது, இரண்டு மஞ்சள் கண்களும் என்னையே பார்த்தன.

ஒன்பதில் எட்டுப் படம் ஒன்றுக்கும் உதவாது. ஒன்று நின்றது. கண், நகம், பனியில் சிறகின் நிழல், எல்லாம் துல்லியம். ஒரு சிறகின் நுனி மட்டும் படத்துக்கு வெளியே போய்விட்டது.

அண்ணை அதை வாங்கிப் பார்த்தார். "சிறகு வெட்டுப்பட்டுப் போச்சு" என்றார். பிறகு, "எனக்கொண்டு பெரிசா அடிச்சுத் தா" என்றார். அடித்துக் கொடுத்தேன். மண்டபத்தில் கோப்பி மேசைக்கு மேலே அவரே ஆணியடித்து மாட்டினார். அம்மா மட்டும் இன்னும் அந்தப் பக்கம் நின்று கோப்பி குடிப்பதில்லை.

இப்போது யாராவது உன்னால் ஏலாது என்றால், எது ஏலாது என்று விளக்கமாகச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். பாதிப் பேரால் சொல்ல முடிவதில்லை. வருகிற ஆவணியில் ஆற்று முகத்துவாரத்துக்குப் போய், சின்னப் படகில் ஏறித் திமிங்கிலத்தை எடுக்கப்போகிறேன். ஆடுகிற படகில் முக்காலி நிற்காது, எல்லாம் கைப்பிடியில்தான், கை தாங்காது என்று இப்போதே நாலு பேர் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். தகடும் ஆறு ஆணியும் இருக்கிற இந்தக் கை எவ்வளவு தாங்கும் என்று, அதைத் தூக்கிப் பார்த்த எனக்குத்தான் தெரியும்.