கப்பலை முதலில் எடுத்தவர்

என் மேசையில், கணினித் திரைக்குக் கீழே, ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கப்பல் இருக்கிறது. உள்ளங்கை நீளம்தான். கடலில் போகிற கப்பல் அல்ல, விண்வெளியில் போவது. இடது இறக்கை ஒருமுறை உடைந்து, பசை போட்டு ஒட்டப்பட்டது. விரலால் தடவினால் ஒட்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் "குழந்தையோடதா மேடம்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். சொன்னதை அப்படியே நம்பிப் போகிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு? நம்பாமல் இன்னொரு முறை திரும்பிப் பார்க்கிறவர்களிடம் மட்டும், இதை எனக்குக் கொடுத்த லீடைப் பற்றிச் சொல்வேன்.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனி. கருவிகளுக்கான மென்பொருளை எழுதும் எங்கள் பிரிவுக்கு அவர்தான் டீம் லீட். தாத்தா காலத்திலேயே அரசாங்க வேலைக்காக இந்த ஊருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நான் திருப்பத்தூர்க்காரி. குழந்தை பிறந்து சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடி அலைந்தபோது, போன இடமெல்லாம் அந்த இடைவெளியைத்தான் குடைந்தார்கள். இவர் மட்டும், "வீட்ல இருந்தப்போ என்ன சீரியல் பாத்தீங்கம்மா?" என்று கேட்டார். ஏதோ பொறி வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் உண்மையைச் சொன்னேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்தது, வழி தவறிய ஒரு விண்கப்பலின் கதை. வீடு திரும்பப் பாதை தேடும் மனிதர்கள், அடித்தளத்தில் எந்நேரமும் கரி படிந்த முகத்தோடு இன்ஜினைக் கட்டிக் காக்கும் ஒரு தலைமைப் பொறியாளன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பல் ஏன் வழி தவறியது என்பதைப் பற்றி நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசினோம். வேலை கிடைத்தது. என்னை எடுத்தது நான் எழுதும் நிரலுக்காகவா, அந்தச் சீரியலுக்காகவா என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாள் தீரவில்லை. எதையும் சட்டென்று நம்பாத பிறவி நான்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் பிரிவில் ஒரு சடங்கு. சோதனைக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய திரையில் அந்த வாரத்து எபிசோடைப் பார்ப்போம். பார்க்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்து, டப்பாக்களை மூடிய பிறகு கப்பல் கைமாறத் தொடங்கும். எங்கள் கூடத்தில் மாதிரி உறுப்புகளை அச்சிடும் இயந்திரம் வந்த புதிதில், அதைச் சோதித்துப் பார்க்க லீட் அச்சிட்ட கப்பல் அது. யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் கையில் முதலில் வரும், லீட் கைக்குக் கடைசியில் போகும். ஒருவர் எழுதிய நிரலில் மற்றவர்கள் பிழை பார்க்கும் கூட்டத்திலும் இதே முறைதான். "பெரியவங்க முதல்ல பேசிட்டா சின்னவங்க பொய் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க" என்பார். அவர் அபிப்பிராயத்தைத் தெரிந்துகொள்ளாமலே எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவர் தளர்ந்து நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைத் தவிர.

மூலத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு கிளைத் தொடர் வரப்போகிறது என்று அறிவித்தபோது எங்களில் யாருக்கும் சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான். தலைமைப் பொறியாளனை மட்டும் எடுத்துக்கொண்டு தனிக்கதை. பழைய இசையை மாற்றிவிட்டார்கள், நிறத்தைக்கூட மங்கலாக்கிவிட்டார்கள். விளம்பரத்தில் பழைய கேப்டன் ஒரு நொடி தலையைக் காட்டினார். "இது தூண்டில்ல வெச்ச புழு" என்றார் ஓசூர்க்காரர். எங்கள் பிரிவில் டெஸ்டிங் பார்ப்பவர், தினமும் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், என் அளவுக்கே நம்பிக்கையில்லாதவர். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று நான் தீர்ப்பு எழுதினேன். இணையத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் கூலிக்கு மாரடிப்பவர்கள் என்று திட்டிக்கொண்டார்கள். எல்லோரையும் விடக் கடுமையாகப் பேசியது லீட்தான். "ஓடுற வண்டியோட இன்ஜினைக் கழட்டி இன்னொரு வண்டி செய்றாங்க. கடைசில ரெண்டும் நின்னுடும், நோட்ரி" என்றார், 'பாருங்க' என்பதைக் கன்னடத்தில் சொல்லி.

அப்படிச் சொன்னவர்தான் அந்த வெள்ளிக்கிழமை அப்படிச் செய்தார். கிளைத் தொடரில் பொறியாளன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், சிறு கப்பல் ஒன்றில் ஏறித் தாய்க்கப்பலை விட்டுக் கிளம்பிப் போகும் எபிசோட் அது. முடிந்ததும் என் புளிசாத டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கப்பல் லீட் கையில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருந்த கோலார்ப் பெண் நீட்டிய கை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். "அவன் ஓடிப் போயிட்டான்னு யாரும் சொல்லாதீங்க" என்றார் லீட். "சொல்லிட்டுப் போகக் கூடாதுன்னு அவன் வாயைக் கட்டியிருந்தா? யாரு கட்டினாங்கன்னு இன்னும் காட்டவே இல்லையே." அவ்வளவுதான். கப்பலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் பயந்துபோய், நன்றாக இருந்தது என்றாள். அன்று கப்பலை வாங்கிய எல்லோரும் வழவழ கொழகொழ என்று எதையோ பேசி அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள்.

கை கழுவும் இடத்தில் ஓசூர்க்காரர் என் பக்கம் சாய்ந்தார். "எலி ஏன் மேடம் எட்டு முழம் வேட்டி கட்டிக்கினு ஓடுது?" எனக்கும் அதே கேள்விதான். அன்றிலிருந்து லீடைக் கவனிக்க ஆரம்பித்தேன். படிக்கட்டில் நின்று போன் பேசுகிறார், நான் வந்தால் கன்னடத்துக்கு மாறுகிறார். எனக்குக் கன்னடம் தெரியும் என்பது நினைவுக்கு வந்ததும் பேச்சையே நிறுத்திவிடுகிறார். சுருங்கிய சட்டையோடு வருகிறவர் இஸ்திரி போட்ட சட்டையில், நிர்வாகம் இருக்கும் மேல்மாடிக்குப் போகிறார். கேட்டால், "ஏனில்லம்மா, ஒண்ணுமில்ல, சும்மா" என்கிறார். நானும் ஓசூர்க்காரரும் கூட்டிக் கழித்ததில் ஒரே விடைதான் வந்தது. இவர் தனியாக ஒரு கம்பெனி ஆரம்பிக்கப் போகிறார், தனக்குப் பிடித்த சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு போகப் போகிறார். அவர் போனால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மூடினால் நான் மறுபடியும் அந்த இடைவெளியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக ஏற வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் சந்தேகம் எப்படியோ அறை முழுக்கப் பரவிவிட்டது. பொறியாளன் வழியில் யாரையெல்லாம் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான் என்று கதை நகர நகர, கிளைத் தொடரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள். புதிய இசையில் ஒரு ஆழம் இருக்கிறதாம். மங்கல் நிறம்தான் யதார்த்தமாம். பொறியாளனைப் போல ஒரு தலைவன் கிடைக்க மற்றவர்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம். கடைசியில் ஓசூர்க்காரரே கப்பலைக் கையில் வைத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்க்காமல், "மூலத்தை விட இதுதான் பெட்டர்னு தோணுது சார்" என்றார். சீரியலைப் பற்றிய அபிப்பிராயம் வேலைக்கு மனுப் போடுவதாக மாறிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த லீட் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. அதுவும் எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

என் கைக்குக் கப்பல் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு எனக்குக் கட்டுப்படாது. "எனக்குப் பிடிக்கல சார்" என்றேன். "போறவன் போகட்டும். ஆனா இன்ஜின் ரூம்ல வேலை செஞ்சவங்க இவனை நம்பித்தானே கப்பல்ல ஏறுனாங்க? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு? வாயைக் கட்டிட்டாங்கன்னா கைய ஆட்டியாவது சொல்லியிருக்கலாமில்ல?" சொல்லிவிட்டுக் கப்பலை மேசையில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு, அடித்தேன் என்பதுதான் சரி. இறக்கை தெறித்து அவர் டப்பாவுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவர் இறக்கையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நல்லா சொன்னீங்கம்மா" என்றார். தன் முறை வந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் எல்லோரையும் பெரிய கூடத்துக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். எங்கள் பிரிவைத் தாய்க் கம்பெனியிலிருந்து பிரித்துப் புதுக் கம்பெனியாக்குகிறார்கள். அதே கட்டடம், வேறு மாடி, கழுத்தில் வேறு நிற அடையாள அட்டை. எங்கள் எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது, கோலார்ப் பெண்ணுக்குக்கூட. லீடுக்கு மட்டும் இல்லை. அவரைப் பழைய கம்பெனியிலேயே, கீழே ஒரு ஆள்கூட இல்லாத ஏதோ ஒரு பொறுப்பில் வைத்துக்கொண்டார்கள். அவர் எங்களை விட்டுப் போகப்போகிறார் என்று நாங்கள் வேவு பார்த்துக்கொண்டிருந்தோம். சிறு கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டது நாங்கள். அவர் ஆளில்லாத தாய்க்கப்பலில் நின்றார்.

புது மாடிக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று, ஒட்டிய இறக்கையோடு கப்பலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அன்னிக்குக் கேட்டீங்களே, அதுக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லம்மா" என்றார். எங்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டால் தான் மட்டும் பின்தங்கிவிடுவதாக இவரே மேலே பேசி வாங்கினார் என்று ஒரு பேச்சு அடிபட்டது. தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள எங்களைத் தள்ளிவிட்டார் என்றார் ஓசூர்க்காரர். எது உண்மை என்று கீழே டீக்கடையில் வைத்து நேராகவே கேட்டேன். "புது எபிசோட் பாத்தாச்சா?" என்று சிரித்தார். இன்றுவரை எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டு மைசூருக்குப் போய்விட்டார். கிளைத் தொடர் அடுத்த சீசனுக்கு வந்துவிட்டது. போன் பண்ணினால் தன் அபிப்பிராயத்தைச் சொல்லவே மாட்டார். "நீங்க முதல்ல" என்பார்.

இப்போது நான் லீட். வெள்ளிக்கிழமைச் சடங்கு நடக்கிறது, கப்பல் கைமாறுகிறது, கடைசியாக என்னிடம் வருகிறது. போன வாரம் என்னை மேலே கூப்பிட்டுக் கதவைச் சாத்தி ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அது என்ன என்று இங்கேயும் எழுத முடியாது. படியிறங்கி வரும்போது எனக்கு அந்தப் பழைய வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. முறை தவறுவதைப் பொறுக்காத மனிதர், புதுப்பெண் நீட்டிய கையைத் தாண்டி ஏன் கப்பலை எடுத்தார்? பதற்றத்தில் செய்த தவறு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். கையை ஆட்டியாவது சொல்லியிருக்கலாமே என்று நான் அவரிடம் கத்துவதற்கு முன்பே அவர் ஆட்டிவிட்டாரோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவர் ஆட்டிய கையைப் பார்த்து, அவரையே சந்தேகப்பட்டோம் நாங்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. எபிசோட் முடிந்தது. எங்களிடம் கடைசியாகச் சேர்ந்தவள் வேலூர்ப் பெண். 'குழந்தையோடதா' என்று கேட்டுவிட்டு, நான் ஆமாம் என்றதும் நம்பாமல் திரும்பிப் பார்த்தவள். டப்பாவை மூடிவிட்டு அவள் கையை நீட்டினாள். நான் எட்டிக் கப்பலை எடுத்தேன். இறக்கையில் இருந்த மேடு விரலில் பட்டது. ஓசூர்க்காரர் டப்பாவை மூடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"மேடம், இன்னிக்கு நீங்களேவா முதல்ல?" என்றாள் அவள். கண்ணைச் சுருக்கி என் முகத்தைத் துழாவினாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நன்றாகச் சந்தேகப்படு பெண்ணே என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கப்பலை எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.