தமிழில் கேளுங்கள் அம்மா

நேற்று சாயங்காலம் டிவியில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டி, "இது மேட்டுக்குடி ஆணவம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவரும் விடவில்லை, "நீங்கதான்யா மேட்டுக்குடி" என்றார். நான் எழுந்து போய் அணைத்தேன். அணைத்த வேகத்தில் சுவிட்ச் கையோடு வந்திருக்கும். "மாமா, பிரஷர் ஏறிடும், வுடுங்க" என்றாள் மருமகள். வேப்பம்பட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. எனக்கு அரசியல் ஆர்வமெல்லாம் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லை ஒரு மேடைக்காரர் வாயிலிருந்து கேட்டால் மட்டும், ஐம்பதுகளின் வயிற்றெரிச்சல் அப்படியே திரும்பி வந்துவிடும்.

அப்போது நான் பொன்னேரியில் காசிம் பாயின் மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். பாய் பழவேற்காட்டுக்காரர். குடும்பத்தின் கருவாட்டு வியாபாரத்தை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு, ஒரு ஆம்ப்ளிஃபயரை நம்பி வந்தவர். அதிலிருக்கும் கண்ணாடி வால்வு சூடேறும்போது உள்ளே படிந்த தூசி கருகி ஒரு வாசனை வரும். கல்யாண வீடோ கட்சிக் கூட்டமோ, எனக்கு அந்த வாசனையில்தான் ஆரம்பம். மாப்பிள்ளை முகம் மறந்துபோகும், எந்த வால்வு மக்கர் பண்ணியது என்பது மறக்காது. நான் அப்படிப்பட்ட ஆள்.

பொன்னேரியில் மட்டும் அந்த வாசனை எடுபடாது. ரயிலடிப் பக்கத்து அரிசி ஆலையின் நாற்றம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நெல் அவிகிற வாசனையைச் சொல்லவில்லை, அது பசியைக் கிளப்புகிற நல்ல வாசனை. நான் சொல்வது நெல் ஊறிப் புளித்த தொட்டித் தண்ணீரை. ஆலைக்காரர் அதைப் பின்பக்கமாக வெட்டிவிட்டிருந்தார். அது போய் விழுந்தது, அந்த ஆலையிலேயே நெல் அவிக்கிற ஜனங்கள் குடிக்கிற குளத்தில். அவர்களில் ஒருத்திதான் தாயம்மா. முப்பது வயசிருக்கும். நாங்கள் கம்பம் நடப் போனால், "கம்பத்த வாசல்ல நடாத, நட்டா வாடக குடு" என்று வம்பிழுப்பாள்.

தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளரின் கூட்டங்கள் மொத்தத்துக்கும் எங்கள் செட்தான். பட்டணத்தில் வக்கீலுக்குப் படித்தவர். "மாடியில் வாழும் மேட்டுக்குடிக்கு மண்ணில் வாழ்வோர் துயரம் தெரியுமா?" என்று கேட்பார். கைதட்டல் அள்ளும். அவர் வீடும் மாடி வீடுதான். அந்த மாடியில் ஏறி ஸ்பீக்கர் கட்டியவனே நான். ஆலைக்காரர் அவருக்கு மச்சான் முறை. இது ஊருக்கே தெரியும்.

பொன்னேரிக் கூட்டத்தில் அவர் பேசி முடிக்கும் நேரம், முன்வரிசைக்குப் பின்னாலிருந்து தாயம்மா எழுந்தாள். "நைனா, ஒண்ணு கேக்கணும். கொளத்துல நாத்தத் தண்ணிய வுடுறாங்கோ. அத்தக் குட்ச்சி புள்ளைங்கோ வாந்தி எடுக்குது. இதுக்கு இன்னா செய்யப்போற?"

எங்கள் பக்கத்தில் பெற்ற அப்பனும் நைனா, மரியாதைக்குரிய மனுஷனும் நைனா. அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். அவர் மைக்கை நெருங்கிச் சிரித்தார். "அம்மா, முதலில் தமிழில் கேளுங்கள்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாயம்மா சுற்றிலும் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

மேடையை விட்டு இறங்கியதும் அந்த மனிதர் டிரைவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னாடா, இன்னும் வண்டிய எடுக்காம இன்னா பண்ணிக்கினு கீற?" காதால் கேட்டேன். அவர் அம்மாவிடம் கற்ற பேச்சும் அதேதானே!

அந்தச் சிரிப்பின் ருசி அவருக்குப் பிடித்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில், திருவள்ளூரில், எல்லா இடத்திலும் தோள்துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மூக்கால் இழுத்து, "இன்னா நைனா, நாத்தத் தண்ணி நைனா" என்று நடித்துக் காட்டுவார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தழுதழுக்க வைப்பார். "இந்தத் தாயைத் தமிழ்கூடப் பேசத் தெரியாமல் ஆக்கியது யார்? மேட்டுக்குடி!" மறுபடி கைதட்டல். குளம் எங்கே போயிற்று? யாரும் கேட்கவில்லை. நானும் கம்பத்தடியில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன், அவ்வளவுதான்.

பெரியபாளையத்தில் கூட்டம் நடந்த அன்று தாயம்மா பவானியம்மனுக்கு வேண்டுதல் முடித்து, வயிற்றுப்போக்கில் பிழைத்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள். மேடையில் தன்னையே பார்த்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, "அது நான்தான்யா! கொளத்தப் பத்திப் பேசு!" என்று கத்தினாள்.

வக்கீல் மூளை. ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "தாயே, மேடைக்கு வாருங்கள்!" என்று கைப்பிடித்து ஏற்றினார், பொன்னாடை போர்த்தினார், குனிந்து காலைத் தொட்டார். ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. மைக்கோ அவர் பக்கம்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, மேடையேறி ஸ்டாண்டோடு மைக்கைத் தூக்கி அவள் முன்னால் வைத்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வைத்த இடம் ஸ்பீக்கர் குழாய்க்கு நேர் எதிரே. மைக்செட்காரனுக்கு இதுகூடவா தெரியாது? குழாய் 'ஊ' என்று ஊளையிட்டது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழவில்லை. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் பொன்னாடையை எடுத்து மகனின் மூக்கைத் துடைத்தாள். மேசைமேல் போட்டாள். இறங்கிப் போய்விட்டாள்.

"இன்னா காரியம்டா பண்ணிட்ட? என் தொழிலே போச்சு" என்று காசிம் பாய் அன்றைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்தினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பிழைப்பு அது.

அந்த மனிதர் ஜெயித்தார். ஊறல் தண்ணீர் குளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக் கிணற்றுக்கு நடந்தார்கள். அந்த வரிசையில் ஒருநாள் தாயம்மாவைப் பார்த்தேன். கூட்டத்துக்கெல்லாம் இப்போது ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"வாயத் தொறந்தா சிரிக்கிறானுங்கோ. மூடிக்கினா துண்டு போத்துறானுங்கோ. பேஜாருப்பா" என்றாள். என்னிடம் அவள் வம்பிழுக்கவில்லை.

ஆலை இடிந்து எத்தனையோ காலமாயிற்று. குளத்தைத் தூர்த்து அதன்மேல் லாரி நிறுத்துகிறார்கள். தாயம்மா போய்ச் சேர்ந்த சேதியைப் புறநகர் ரயிலில் யாரோ சொன்னார்கள். அதெல்லாம் போகட்டும், காலம் அள்ளிக்கொண்டு போகும், தெரிந்ததுதான். எனக்கு ஆற மாட்டாதது வேறு. அவள் குரல் எப்படி இருந்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கட்டைக் குரலா, கீச்சுக் குரலா, வரமாட்டேன் என்கிறது. அவள் சொன்ன சொல்லெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அந்தச் சொற்கள் என் காதில் ஒலிப்பது, முக்காடு போட்டுக்கொண்டு மூக்கால் இழுத்துப் பேசிய அந்த மனிதரின் குரலில்.